கேட்கத் தெரிந்தவர்களின் சாட்சி

(ஒரு திருச்சபையின் தவக்காலச் சொற்பொழிவு வரிசையில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



நம் விசுவாசத்தை அதை ஏற்காதவர்களிடம் எப்படிச் சொல்வது என்று பேசும்படி கேட்டிருக்கிறார்கள். எப்படிப் பேச்சைத் தொடங்குவது, எந்த வசனத்தை எப்போது எடுப்பது, மறுத்தால் என்ன பதில் சொல்வது என்றெல்லாம் கற்றுத்தரும் கையேடுகள் நம்மிடம் நிறைய உண்டு. எதிரே இருப்பவர் பேசும்போது நாம் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றி அவற்றில் அதிகம் இராது. இன்றைக்கு நான் பேச விரும்புவது அதைத்தான்.

தரங்கம்பாடியிலிருந்து தொடங்குகிறேன். டென்மார்க் மன்னர் நான்காம் பிரடெரிக் அனுப்ப, சீகன்பால்க், புளூட்சோ என்ற இரண்டு ஜெர்மானிய இளைஞர்கள் 1706 ஜூலை 9-ஆம் நாள் அங்கே வந்து சேர்ந்தார்கள். சீகன்பால்குக்கு அப்போது இருபத்து நான்கு வயதுகூட முடியவில்லை. அவர் தமிழில் புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்ததும், அச்சுக்கூடம் வைத்து 1715-இல் அதை வெளியிட்டதும் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அவரும் சக மிஷனரி கிரண்ட்லரும் சேர்ந்து செய்த இன்னொரு வேலையைப் பற்றி நம் பிரசங்க மேடைகளில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

1712 முதல் இரண்டு ஆண்டுக் காலம் அவர்கள் தமிழர்களுக்குக் கேள்விகள் எழுதி அனுப்பினார்கள். உங்கள் வழிபாடு எப்படிப்பட்டது, உங்கள் மருத்துவம் என்ன சொல்கிறது, உங்கள் வீட்டுச் சடங்குகள் எவை என்று பலவற்றையும் கேட்டார்கள். எங்களைப் பற்றியும் எங்கள் மார்க்கத்தைப் பற்றியும் நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்றும் கேட்டார்கள். பதில்கள் வந்தன. அவற்றில் 99 கடிதங்களை ஜெர்மனில் மொழிபெயர்த்து ஹாலே நகரத்துக்கு அனுப்ப, அங்கே அவை அச்சேறின.

அந்தப் பதில்கள் மிஷனரிமாரைக் குளிர்விக்க எழுதப்பட்டவை அல்ல. கிறிஸ்தவர்கள் குடிக்கிறார்கள், மாட்டை அடித்துத் தின்கிறார்கள், சுத்தம் பேணுவதில்லை, அவர்கள் போதிப்பது ஒன்று நடப்பது வேறு என்று அவற்றில் எழுதியிருக்கிறார்கள். கடவுள் ஒருவரே, ஒவ்வொரு மக்களுக்கும் அவரவர்க்கு உரிய வழியை அவரே கொடுத்திருக்கிறார், நாங்கள் எதற்காக உங்கள் வழிக்கு வர வேண்டும் என்றும் கேட்டிருக்கிறார்கள். ஹாலேயில் குறிப்புகளும் மறுப்புகளும் சேர்த்துத்தான் வெளியிட்டார்கள், உண்மைதான். ஆனாலும் மக்களை மாற்ற வந்த ஒரு மிஷன், தன்னை ஏன் ஏற்கவில்லை என்று அந்த மக்களே சொன்ன காரணங்களை அவர்கள் வாயாலேயே கேட்டு வாங்கி, தனக்குப் பண உதவி செய்யும் ஊர்களில் வாசிக்கக் கொடுத்தது. இன்று நம்மில் எந்த மிஷன் பத்திரிகை அதைச் செய்கிறது? எத்தனை பேர் ஏற்றுக்கொண்டார்கள் என்ற அறிக்கைகள் நம்மிடம் குவிந்து கிடக்கின்றன. ஏற்காதவர் என்ன சொல்லி மறுத்தார் என்பதை எங்கே எழுதி வைத்திருக்கிறோம்?

சீகன்பால்கைப் புனிதராக்கிப் பேச நான் வரவில்லை. வந்த புதிதில், வழியோரக் கோயில் ஒன்றைச் சுற்றி வைத்திருந்த உருவங்கள் சிலவற்றைக் கீழே தள்ளி, சிலவற்றின் தலையை உடைத்தவர் அவர். அதைத் தானே எழுதியும் வைத்திருக்கிறார். அங்கே வந்த ஒரு தமிழ் ஆசிரியர், இவை கடவுள் அல்ல, கடவுளின் காவல் வீரர்கள் என்று அவருக்கு விளக்கினாராம். உடைத்தவருக்குத் தான் உடைத்தது என்னவென்றே தெரிந்திருக்கவில்லை. உடைபட்டதைப் பார்த்து நின்ற மனிதர்தான் பொறுமையாக எடுத்துச் சொல்லியிருக்கிறார். அந்தப் பொறுமைக்கு நம் சபை வரலாற்றில் ஒரு இடம் கொடுக்க வேண்டும் என்று நான் விரும்புகிறேன்.

அதற்குப் பிறகு சீகன்பால்க் படிக்க உட்கார்ந்தார். ஓலைச்சுவடிகளைத் தேடிச் சேர்த்து, 1708-இல் அவற்றுக்கு ஒரு அட்டவணையே எழுதினார். உலகநீதி, கொன்றைவேந்தன், நீதிவெண்பா ஆகியவற்றை ஜெர்மனில் பெயர்த்தார். தென்னிந்தியத் தெய்வங்களின் வம்சாவளியைப் பற்றி 1713-இல் பெரிய நூல் ஒன்றை எழுதி முடித்தார். அதை அச்சிட, ஹாலேயிலிருந்து இந்த மிஷனை வழிநடத்திய பிராங்கே மறுத்துவிட்டார். அந்த மார்க்கத்தை ஒழிக்க அனுப்பினோமே தவிர, அதை ஐரோப்பாவில் பரப்ப அல்ல என்பது அவர் நிலை. சென்னையில் அந்த நூல் அச்சான ஆண்டு 1867. எழுதியவர் இறந்து ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு ஆகியிருந்தது. ஆனால் அதே 1713-இல் இந்த நாட்டு வழிபாட்டைக் கடுமையாகக் கண்டித்து அவர் எழுதிய ‘அக்கியானம்’ என்ற சிறு பிரசுரம் தரங்கம்பாடி அச்சுக்கூடத்தில் உடனே அச்சாகிவிட்டது.

ஒரே மனிதருக்குள் இரண்டு பேர் இருந்திருக்கிறார்கள். கேட்டவர் ஒருவர், கண்டித்தவர் ஒருவர். கண்டித்தவரின் எழுத்து உடனே மக்கள் கைக்குப் போனது, கேட்டவரின் எழுத்து பெட்டிக்குள் தூங்கியது. பேருந்து நிலையத்தில் இன்று நாம் விநியோகிக்கும் கைப்பிரதிகளை எடுத்துப் பாருங்கள். எந்தக் குரல் நமக்கு வாரிசாக வந்தது என்று நீங்களே தெரிந்துகொள்வீர்கள்.

வேதத்தில் இதற்கு முன்மாதிரி இல்லையா என்றால், இருக்கிறது. அப்போஸ்தலர் நடபடிகள் பதினேழாம் அதிகாரத்தில் பவுல் அத்தேனே பட்டணத்துக்குப் போகிறார். ஊரெங்கும் சிலைகளைப் பார்த்து அவர் மனம் கொதிக்கிறது. லூக்கா அதை மறைக்கவில்லை. ஆனால் மார்ஸ் மேடையில் எழுந்து பேசும்போது அந்தக் கொதிப்பு முதல் வார்த்தையாக வெளியே வரவில்லை. நீங்கள் மிகுந்த பக்தி உள்ளவர்கள் என்று கண்டேன் என்கிறார். அந்த ஊர் வழிபாட்டிடங்களைச் சுற்றிப் பார்த்து, அறியப்படாத தெய்வத்துக்கு அவர்கள் வைத்திருந்த பலிபீடம் வரைக்கும் கவனித்திருக்கிறார். அவர்களுடைய கவிஞர்களின் சொல்லை எடுத்துக் கையாளுகிறார். கேட்டவர்களில் சிலர் பரிகசித்தார்கள், சிலர் இன்னொரு நாள் கேட்கிறோம் என்றார்கள், சிலர் நம்பினார்கள். பவுல் அவர்களை விட்டுப் புறப்பட்டுப் போகிறார். பரிகசித்தவரைச் சபிக்கவில்லை. இன்னொரு நாள் என்றவரின் வாசலில் போய் நிற்கவில்லை. ஐசுவரியமுள்ள வாலிபன் துக்கத்தோடு திரும்பிப் போனபோது ஆண்டவரும் அவன் பின்னால் ஓடவில்லை, அவனுக்காக நிபந்தனையைக் குறைக்கவும் இல்லை. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகும் உரிமையைத் தேவனே மனுஷனுக்குக் கொடுத்திருக்கும்போது, அதைப் பறிக்க நாம் யார்?

இருபதாம் நூற்றாண்டுக்கு வருகிறேன். ஈ. ஸ்டான்லி ஜோன்ஸ் என்ற அமெரிக்க மெதடிஸ்ட் மிஷனரி 1907-இல் இந்தியா வந்தார். கிறிஸ்தவம் இந்த மண்ணுக்கு அந்நியமாகத் தெரியாமல் இருக்க நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று காந்தியிடம் போய்க் கேட்டார். யோசித்துப் பாருங்கள், ஒரு மிஷனரி தன் மார்க்கத்தைப் பற்றி ஒரு இந்துவிடம் ஆலோசனை கேட்கிறார். காந்தி நான்கு காரியங்கள் சொன்னார். கிறிஸ்தவர்கள் எல்லாரும் இயேசுவைப் போல வாழத் தொடங்குங்கள். உங்கள் மார்க்கத்தை நீர்க்கச் செய்யாமல் முழுமையாகக் கைக்கொள்ளுங்கள். அன்பை முன்னிறுத்துங்கள். பிற சமயங்களில் உள்ள நல்லதைக் காணும்படி அவற்றை இன்னும் பரிவோடு படியுங்கள். 1925-இல் வெளியான தம் நூலில் ஜோன்ஸ் இவற்றைப் பதிவு செய்தார்.

அவர் நடத்திய வட்டமேசைக் கூட்டங்கள் எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகின்றன. இந்துக்கள், இஸ்லாமியர், பார்சிகள் என்று பல சமயத்தாரையும், எந்தச் சமயமும் வேண்டாம் என்றவர்களையும் அழைத்து உட்கார வைப்பார். கிறிஸ்தவர்கள் எண்ணிக்கையில் குறைவாகவே இருப்பார்கள். பிரசங்கமும் தர்க்கமும் கூடாது. உங்கள் சமயம் உங்கள் அனுபவத்தில் உங்களுக்கு என்ன செய்திருக்கிறது என்பதை மட்டும் ஒவ்வொருவரும் சொல்ல வேண்டும். ஜோன்ஸ் கிறிஸ்துவைப் பற்றித் தயங்கிப் பேசியவர் அல்ல, அவருக்குக் கிறிஸ்துவை விட்டால் வேறு பேச்சே கிடையாது. ஆனாலும் தன் முறை வரும் வரைக்கும் வாயை மூடிக்கொண்டு அடுத்தவரின் அனுபவத்தைக் கேட்டார். 1928-இல் இந்தக் கூட்டங்களைப் பற்றி ஒரு நூலே எழுதினார்.

இனி நம் ஊருக்கு வருவோம். மருத்துவமனை வார்டைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், நம் ஊழியங்களில் அன்பும் அத்துமீறலும் அதிகம் கலந்து கிடக்கும் இடம் அதுதான். ஞாயிறு மதியம் ஆராதனை முடிந்து பிஸ்கட் பொட்டலத்தோடும் கைப்பிரதிகளோடும் போகிறோம். நோயாளி படுத்திருக்கிறார். அவருக்கு மூக்கில் குழாய், கையில் ஊசி, எழுந்து வெளியே போக முடியாது. கட்டிலைச் சுற்றி ஐந்து பேர் நின்று சத்தமாக ஜெபிக்கிறோம். பக்கத்துக் கட்டிலில் ஒரு அம்மா தலையணையடியில் விபூதிப் பொட்டலம் வைத்திருக்கிறார். அவரையும் விடுவதில்லை. வேண்டாம் என்று சொல்லும் வலு இல்லாதவரிடம் பெறுகிற சம்மதம் சம்மதமா? குழந்தை பிழைக்குமா என்று அழுகிற தாயிடம், இயேசுவை ஏற்றுக்கொண்டால் பிழைக்கும் என்று சொல்வது நற்செய்தியா? அது பேரம். குழந்தை பிழைக்காமல் போனால் அந்தத் தாய் தன் விசுவாசக் குறைவால்தான் பிள்ளை போனது என்று ஆயுள் முழுக்க நம்புவாளே, அந்தப் பாரத்தை யார் சுமப்பது? இதை நினைத்தால் எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வருகின்றன.

மருத்துவமனைக்குப் போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போங்கள், தனியாகவோ இருவராகவோ போங்கள். சாப்பிட்டீர்களா, கூட யார் இருக்கிறார்கள், மருந்துச் சீட்டை எடுத்துக்கொண்டு நான் கீழே போய் வரட்டுமா என்று கேளுங்கள். உங்களுக்காக ஜெபிக்கட்டுமா என்றும் கேளுங்கள், கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருங்கள். வேண்டாம் என்றால், சரி என்று சொல்லிவிட்டு மருந்து வாங்கி வாருங்கள். அடுத்த வாரமும் போய் அதே அன்போடு விசாரியுங்கள். அடுத்த வாரம் போகிறோமா இல்லையா என்பதில்தான் முதல் வாரம் எதற்காகப் போனோம் என்று தெரியும்.

உலகத் திருச்சபை மன்றமும், வத்திக்கானின் சமய உரையாடல் மன்றமும், உலக சுவிசேஷக் கூட்டமைப்பும் சேர்ந்து 2011 ஜூனில் ஜெனீவாவில் ஒரு ஆவணம் வெளியிட்டன. பல சமயங்கள் வாழும் உலகில் கிறிஸ்தவ சாட்சி எப்படி இருக்க வேண்டும் என்பது அதன் பொருள். கத்தோலிக்கரும் புரொட்டஸ்டண்டுகளும் சுவிசேஷ சபையாரும் ஒரே தாளில் கையெழுத்திடுவது எளிதில் நடக்கிற காரியம் அல்ல. வறுமையையும் தேவையையும் பயன்படுத்தி ஆள் சேர்க்கக் கூடாது, பணத்தையோ பொருளையோ காட்டி இழுக்கக் கூடாது, குணமாக்கும் ஊழியத்தில் நோயாளியின் பலவீனத்தையும் மாண்பையும் மதிக்க வேண்டும், பிற சமயத்தைப் பற்றிப் பொய் சொல்லக் கூடாது என்று அது தெளிவாகச் சொல்கிறது. நம் சபைகளில் இதை வாசித்தவர் எத்தனை பேர் என்று நான் கேட்கப் போவதில்லை. ஆயர்கள் இதை ஒரு ஞாயிறாவது சபையில் வாசித்து விளக்க வேண்டும்.

சாட்சி சொல்லும் நேரத்தைப் பற்றியும் பேச வேண்டும். வேறு சமயத்திலிருந்து வந்த ஒருவர் மேடையில் நின்று, தான் முன்பு பேயை வணங்கியதாகவும் இருளில் கிடந்ததாகவும் சொல்கிறார். நாம் அல்லேலூயா போடுகிறோம். அவரை வளர்த்த தாய், வெள்ளிக்கிழமை தோறும் விளக்கேற்றி, பட்டினி கிடந்து விரதம் இருந்து, அந்தப் பிள்ளைக்காகவே வேண்டிக்கொண்டவர். அந்தத் தாயைப் பற்றித்தான் பேசுகிறோம் என்ற உணர்வு நமக்கு இருக்கிறதா? கிறிஸ்து தனக்கு என்ன செய்தார் என்று சொல்ல அவருக்கு முழு உரிமை உண்டு. அதைச் சொல்லத் தாயின் பக்தியை மிதிக்க வேண்டியதில்லை. ஐந்தாவது கற்பனையை ஞானஸ்நானத் தொட்டியில் கழுவிவிட முடியாது.

பிரசாதம் வந்தால் என்ன செய்வது என்று இளைஞர் கூட்டங்களில் கேட்கிறார்கள். படைத்ததை உண்பது பற்றிக் கொரிந்து சபைக்குப் பவுல் எழுதியதை வைத்து நம்மில் பலர் பல நிலையில் இருக்கிறோம். உண்பவர் உண்ணட்டும், மனச்சாட்சி இடங்கொடாதவர் உண்ணாமல் இருக்கட்டும். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா கிண்ணத்தை நீட்டும்போது முகத்தைத் திருப்பாதீர்கள். நான் இதைச் சாப்பிடும் வழக்கமில்லை அக்கா, நீங்கள் நினைத்துக் கொண்டுவந்ததே சந்தோஷம், உள்ளே வந்து காப்பி குடித்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல நமக்கு வாய் உண்டு.

பள்ளிப் பிள்ளைகள் விஷயத்தில் நான் கண்டிப்பானவன். பெற்றோருக்குத் தெரியாமல் பிற சமயப் பிள்ளையிடம் எந்தப் பிரசங்கமும் கூடாது. ஏன் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன்: 1948 டிசம்பர் 6-ஆம் நாள் அரசியல் நிர்ணய சபையில் மதச் சுதந்திரப் பிரிவு விவாதத்துக்கு வந்தது. பரப்பும் உரிமை எதற்கு என்று சிலர் எதிர்த்தார்கள். அதை ஆதரித்துப் பேசியவர்களில் ஒருவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. தான் ஏறத்தாழப் பதினான்கு ஆண்டுகள் கிறிஸ்தவக் கல்வி நிலையங்களில் படித்ததாகவும், தன்னை மதம் மாற்ற யாரும் முயன்றதில்லை என்றும் அவர் சொன்னார். இன்று அரசியல் சட்டத்தின் 25-ஆம் பிரிவில் நாம் அனுபவிக்கும் பரப்பும் உரிமைக்கு ஒரு இந்து சாட்சி நின்றார், தன் ஆசிரியர்கள் தன்னிடம் எதைச் செய்யாமல் விட்டார்கள் என்பதை வைத்து! அந்த ஆசிரியர்களின் பெயர் நமக்குத் தெரியாது. அவர்கள் காட்டிய கண்ணியத்தின் பலனை நாம் தின்றுகொண்டிருக்கிறோம். சொல்வதற்கும் விளக்குவதற்கும் உள்ள உரிமை இன்னொருவரை மாற்றும் உரிமை ஆகாது என்று 1977-இல் உச்ச நீதிமன்றம் ஸ்டெயினிஸ்லாஸ் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அந்தத் தீர்ப்பில் சட்ட அறிஞர்களுக்குள் வாதம் உண்டு. அந்த வாதம் எப்படிப் போனாலும் மனந்திருப்புவது பரிசுத்த ஆவியானவரின் வேலை என்று கற்பிக்கிற நாம், அதை நம் கையில் எடுத்துக்கொள்ள நியாயமில்லை.

கிருஷ்ணமாச்சாரி அன்று இன்னொன்றும் சொன்னார். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர் கிறிஸ்தவரானால் எல்லா விஷயத்திலும் சமமாகிவிடுகிறார் என்றார். நம்மைப் பற்றி அவ்வளவு உயர்வாக நினைத்திருக்கிறார். நம் கல்லறைத் தோட்டங்களில் சாதிக்கொரு பகுதி இருப்பதை அவருக்கு யார் சொல்வது? தரங்கம்பாடி ஆலயத்தில் தொடக்க காலத்திலேயே சாதிப்படி தனித்தனியாக உட்கார்ந்தார்கள். 1833-இல் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேற்றுமையை உடனே விட வேண்டும் என்று உத்தரவிட்டபோது, சாதியை விடாமல் சபையை விட்டுப் போனவர்கள் உண்டு. இன்றும் திருமண விளம்பரப் பக்கத்தில் கிறிஸ்தவன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் என்ன அச்சாகிறது என்று உங்களுக்குத் தெரியும். 1712-இல் கேட்ட கேள்வியை இன்று இந்தத் தெருவில் கேட்டால், உங்கள் கல்லறைச் சுவரை முதலில் இடியுங்கள் என்றுதான் பதில் கடிதம் வரும். அதற்கு மறுப்புக் குறிப்பு எழுத என்னால் முடியாது.

கடவுள் மறுப்பாளர்களிடம் பேசும்போது நம்மில் பலருக்குப் பதற்றம் வருகிறது. இந்த மாநிலத்தில் பகுத்தறிவாளர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பின்னால் பெரும்பாலும் ஒரு அநியாயத்தைக் கண்ட வலி இருக்கிறது. சுனாமியில் குழந்தைகள் ஏன் செத்தார்கள் என்று ஒருவர் கேட்டால், தயாராக வைத்திருக்கும் விடையை எடுத்து நீட்டாதீர்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லுங்கள். தெரியாத நிலையிலும் ஏன் கிறிஸ்துவைப் பற்றிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்டால், அப்போது உங்கள் உள்ளத்தில் இருப்பதைச் சொல்லுங்கள். நமக்குள் இருக்கும் நம்பிக்கையைக் குறித்து விசாரிக்கிறவருக்குச் சாந்தத்தோடும் வணக்கத்தோடும் பதில் சொல்ல ஆயத்தமாயிருக்க பேதுரு சொன்னது இதைப் போன்ற நேரத்துக்குத்தான்.

ஆயத்தமாயிருப்பது என்றால் பதுங்கியிருப்பது அல்ல. மரியாதை என்ற பெயரில் எதையுமே சொல்லாமல் இருந்துவிடும் கிறிஸ்தவர்களையும் எனக்குத் தெரியும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலி நண்பர் இருபது ஆண்டுப் பழக்கம், அவருக்கு இவர் ஏன் ஞாயிறு தோறும் ஆலயம் போகிறார் என்றே தெரியாது. அவர் உண்மையாகவே கேட்கும்போது, எல்லாம் ஒன்றுதான் சார் என்று மழுப்புவதும் அவரை மதிப்பது ஆகாது. எனக்கு எல்லாம் ஒன்றாகத் தெரியவில்லை. கிறிஸ்துவே கர்த்தர் என்று நான் அறிக்கை செய்கிறேன். அப்படி அறிக்கை செய்கிறவன் என்று தெரிந்துதான் இங்கே வந்திருக்கும் பிற சமய நண்பர்கள் என் எதிரே அமர்ந்திருக்கிறார்கள், அவர்கள் மனதில் இருப்பதையும் எனக்கு முகத்துக்கு நேரே சொல்வார்கள். அந்த நட்பில் நான் எதையும் ஒளிக்க வேண்டியிருந்ததில்லை.

ஆயரிடமும் குருசேகரக் குழுவிடமும் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். ஈஸ்டர் முடிந்ததும் இதே மன்றத்தில் ஒரு வட்டமேசைக் கூட்டம் நடத்துவோம். இந்துக்கள், இஸ்லாமியர், கடவுள் நம்பிக்கை இல்லாதவர்கள் என்று இந்தத் தெருவிலேயே இருப்பவர்களை அழைப்போம். அவர்கள் பத்துப் பேர் என்றால் நாம் நாலு பேர் போதும், அந்த நாலு பேரில் நாம் வழக்கமாக மேடையேற்றாதவர்களும் இருக்கட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், முடிவில் அறிவிக்காத ஜெபம் வேண்டாம், வாசலில் கைப்பிரதி வேண்டாம். தேநீரும் சுண்டலும் பெண்கள் ஐக்கியத்தின் தலையில் கட்டாமல் ஆண்கள் ஏற்பாடு செய்யட்டும். விருந்தினர்கள் முதலில் பேசுவார்கள். எங்களைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள் என்ற பழைய கேள்வியையும் அவர்களிடம் கேட்போம், வருகிற பதில்களை ஒன்று விடாமல் எழுதி, மறுப்புக் குறிப்பு எதுவும் சேர்க்காமல் நம் சபைப் பத்திரிகையில் போடுவோம். கூட்டத்துக்கு வர விரும்பும் நண்பர்கள் இன்றே செயலரிடம் பெயர் கொடுத்துவிட்டுப் போகலாம்.